பழைய ஈயத்தைப் பாளமாக்கும் கொல்லைப்புற மேடை: கட்டுமானமும் நடைமுறையும்

காயலான் கடையிலிருந்து வாங்கிய ஈயத்தை நேராக வலைக்குண்டு அச்சில் ஊற்றுகிறவர்கள் இரண்டு வேலைகளை ஒரே சட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அழுக்கும் ஈரமும் வேறு உலோகமும் கலந்த சரக்கைச் சுத்தம் செய்வது ஒரு வேலை. துளை அடைபடாமல், சுருக்கம் விழாமல் குண்டு வார்ப்பது வேறு வேலை. இரண்டையும் பிரிக்கத்தான் பாளம், அதாவது சுத்தம் செய்து கட்டியாக உறையவைத்த ஈயம். அழுக்குச் சட்டி தனி, வார்ப்புச் சட்டி தனி என்று வைத்துக்கொண்டால் வார்ப்பு நாளில் கசடு, புகை, வெடிப்பு எதுவும் கிட்டே வராது. இங்கே சொல்வது அழுக்குச் சட்டி பற்றி மட்டும். வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்ப்பவர்களுக்கான அளவு: ஒரு ஈட்டுக்கு 10 கிலோ.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். விறகடுப்பே போதும் என்பதால் இது சுலபமான வேலை என்ற நினைப்பு வருகிறது. ஆனால் இதில் பயப்பட வேண்டியது சூட்டைவிட ஈரத்துக்கும் தூசிக்கும். உருகிய ஈயத்துக்கு அடியில் சிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1,700 மடங்கு பருமனுள்ள ஆவியாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து, சட்டியில் இருப்பதை மேலே தூக்கி எறியும். மேற்பரப்பில் விழும் வியர்வைத் துளி பெரும்பாலும் சுர்ரென்று ஆவியாகிப் போய்விடும். அதே துளி ஒரு துண்டு ஈயத்தோடு உள்ளே மூழ்கினால்தான் வெடிக்கும். 'எத்தனையோ தடவை தண்ணீர் பட்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்பவர் மேலே விழுந்த துளியை மட்டும் பார்த்தவர்.

தூசி விஷயம் இன்னும் மெதுவாகத் தெரியவரும். 500 டிகிரிக்குக் கீழே ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உடம்புக்குள் போவதில் பெரும்பகுதி, கசடு வழிக்கும்போது எழும் ஆக்சைடுத் தூளும் கையிலும் துணியிலும் ஒட்டி வாய்க்குப் போகும் தூசியும்தான். மேடை அமைப்பில் கீழே வரும் பல ஏற்பாடுகள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துச் செய்தவை.

இடம்

வீட்டுக்குள், சமையலறையில், கார் நிறுத்தும் மூடிய இடத்தில் வேண்டாம். மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. இதுதான் சரி. கூரை மழைக்காக மட்டுமல்ல. மரத்திலிருந்து பனித்துளி சொட்டும், காக்கை எச்சமிடும், பல்லி விழும். கூரையிலிருந்தே நீர் கசியுமானால் கூரை இல்லாததைவிட மோசம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலையை நிறுத்திவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் அந்த மாதங்களில் இரும்பு அச்சின் மேல் தானாகவே ஈரம் படியும்.

காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து புகையை முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கடற்கரையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. காலையில் வீசும் கரைக்காற்று பகலேறக் கடற்காற்றாகத் திரும்பிவிடும். காலை பத்து மணிக்குள் முடிகிற மாதிரி ஆரம்பித்தால் பாதி வேலையில் புகை முகத்தில் அடிக்காது. புகை போகிற திசையில் கிணறு, துணிக்கொடி, கோழிக்கூடு, குழந்தைகள் விளையாடும் மண் எதுவும் இருக்கக் கூடாது.

தரை சிமென்டாக இருந்தால் அதன் மேல் நேராக வைக்க வேண்டாம். சிமென்டுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும்; உருகிய ஈயம் கொட்டினால் மேல்பூச்சு பட்டென்று பெயர்ந்து தெறிக்கும். 3 மி.மீ. தகட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தட்டு, ஓரம் 5 செ.மீ. உயரம், அதில் வறுத்து ஆறவைத்த மணல் 3 செ.மீ. பரப்பினால் போதும். கொட்டின ஈயம் மணலில் வட்டமாக உறையும், எடுத்துவிடலாம். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை நன்றாகச் சலித்து, தூள் போன பிறகு வறுத்துப் பயன்படுத்தலாம். கடற்கரை மணல் மட்டும் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வேலை ஒரே திசையில் நகரட்டும்: இடது கையில் காய்ந்த சரக்கு, நடுவில் சட்டி, வலது கையில் அச்சு, அதற்கும் அப்பால் ஆறும் பாளம். தண்ணீர்ப் பாட்டில், ஈரத்துண்டு, கை கழுவும் வாளி எல்லாம் குறைந்தது நான்கு மீட்டர் தள்ளி. தீக்கு வாளியில் காய்ந்த மணல். தண்ணீர் வாளி மேடைக்கு அருகே வரவே கூடாது.

சட்டியும் அடுப்பும்

ஈயத்தின் கனத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு லிட்டர் ஈயம் 11.3 கிலோ. 5 லிட்டர் பாத்திரம் நிறைந்தால் 56 கிலோ; சாதாரண அடுப்புக் கால் மடங்கிவிடும். 10 கிலோ ஈடு என்பது ஒரு லிட்டர்கூட இல்லை.

சட்டிக்கு ஆறு அங்குல எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) குழாய்த் துண்டே சிறந்தது. வெளி விட்டம் 168 மி.மீ., சுவர்த் தடிமன் 7 மி.மீ. வகையில் 12 செ.மீ. நீளம் வெட்டி, அடியில் 6 மி.மீ. தகட்டை உள்ளும் வெளியும் வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். இந்த அளவில் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் 2.1 கிலோ ஈயம் பிடிக்கும். 10 கிலோ போட்டால் ஐந்து செ.மீ.கூட ஏறாது, மேலே ஏழு செ.மீ. சுவர் தெறிப்பைத் தடுக்க மிச்சமிருக்கும். உருகாத துண்டுகள் குவிந்து நிற்கவும் அந்த உயரம் தேவை.

வெல்டிங் கசிவைப் பார்க்கப் பட்டறைகளில் செய்யும் பழைய சோதனை போதும். வெளிப்பக்க இணைப்பில் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கி, உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். மயிரிழைத் துளை இருந்தாலும் சாக்பீஸில் கறை தெரியும். பிறகு துடைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியாக அடுப்பில் ஏற்றி எண்ணெய் வாடை போகும்வரை சுட வேண்டும்.

அலுமினியச் சட்டியில் ஈயம் உருக்குவது பேராபத்து. அலுமினியம் உருக 660 டிகிரி ஆகும் என்பது உண்மைதான், ஆனால் 400 டிகிரியிலேயே அது பலம் இழந்துவிடும். தீ படும் அடிப்பக்கம் அதற்கு மேலும் சூடேறும். அடி கழன்றால் மொத்த ஈயமும் அடுப்பின் மேல். ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. கரண்டியும் கூடாது, அவற்றின் பூச்சு துத்தநாகம்; அது ஈயத்தில் கரைந்தால் ஈடு கெட்டுவிடும். ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் கனமான இரும்பு வாணலியில் உருக்கலாம் என்றாலும், அடி உருண்டையாக இருப்பதால் வளையம் வைத்து இறுக்காவிட்டால் ஒரு கரண்டி இடித்தாலே ஆடும்.

அடுப்பு, டீக்கடைகளில் இருக்கும் ஹை பிரஷர் பர்னர். அகலமான காலுள்ள தாழ்வான ஸ்டாண்டு பார்த்து வாங்கி, அதன் மேல் சட்டி நகராதபடி மூன்று பட்டைத் துண்டுகளை வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே உரியது. சில்லறையில் விற்கும் 5 கிலோ சிலிண்டர் இதற்குத் தாராளம். சிலிண்டரைக் காற்று வரும் பக்கம், ஓஸ் நீளம் அனுமதிக்கும் தூரத்தில், தெறிப்பு படாமல் ஒரு செங்கல் சுவருக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

சட்டியைச் சுற்றி 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு தகட்டு வளையம் போட்டால் காற்றில் தீ சிதறாது, பக்கச் சுவரும் சூடேறும். தகடு பூச்சில்லாத கறுப்புத் தகடாக இருக்கட்டும். கணக்குப் போட்டால் 10 கிலோ ஈயத்தை 30 டிகிரியிலிருந்து 370 டிகிரிக்கு உருக்கிக் கொண்டுபோக 670 கிலோஜூல் போதும், அதாவது இரண்டே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். வேடிக்கை என்னவென்றால் நாலரைக் கிலோ இரும்புச் சட்டி தானும் சூடேற அதற்குச் சற்று மேலேயே விழுங்கும். அதனால் ஒரு ஈடு முடிந்து சட்டி ஆறுமுன் அடுத்த ஈட்டைப் போடுவதுதான் சிக்கனம்.

வெப்பமானி இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம். கே-டைப் தெர்மோகப்பிள், எஃகு உறை போட்டது, சின்ன டிஜிட்டல் திரையோடு மலிவாகவே கிடைக்கிறது. முனை சட்டியின் நடுவில், பாதி ஆழத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானி இங்கே உதவாது. பளபளக்கும் ஈயம் கண்ணாடி போல வெப்பத்தைத் திருப்பிவிடுவதால் அது காட்டும் எண் உண்மைச் சூட்டைவிட வெகுவாகக் குறைந்திருக்கும்.

கரண்டியில் பேராசை கூடாது. கால் லிட்டர் கரண்டி நிறைந்தால் 2.8 கிலோ; நீட்டிப் பிடித்த கையில் நடுங்கும். 80 மி.லி. கொள்ளும் இரும்புக் கரண்டி முக்கால் கிலோவுக்கு மேல் எடுக்கும், அதுவே அளவு. கசடு வழிக்கச் சில்வர் ஜல்லிக்கரண்டி. சட்டிக்கு 3 மி.மீ. தகட்டில் பிடி வைத்த மூடி.

அச்சு

ஒரு கிலோ பாளத்துக்கு 40 × 40 × 5 மி.மீ. ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) எடுத்து, உள்நீளம் 15 செ.மீ. வரும்படி இரு முனையிலும் தகடு வைத்து அடைத்தால், ததும்ப ஊற்றும்போது 92 கன செ.மீ. பிடிக்கும்: 1.04 கிலோ. மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் சரியாக ஒரு கிலோ. முனைத் தகடுகள் செங்குத்தாக இல்லாமல் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாளம் கவ்விக்கொள்ளும். வெல்டிங் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே சிந்திய வெல்டிங் மணிகளைக் கிரைண்டரில் வழித்தெடுக்காவிட்டால் ஒவ்வொரு பாளத்தையும் சுத்தியலால் அடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து அச்சை ஒரே பட்டையில் வரிசையாக வெல்டிங் வைத்து, இரு பக்கமும் கால் கொடுத்தால் ஒரு ஈட்டுக்கு இரண்டு சுற்று.

பட்டறைக்குப் போக முடியாதவர்களுக்கு வார்ப்பிரும்புக் குழிப்பணியாரக் கல் அருமையான அச்சு. 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழமுள்ள குழியில் 270 கிராம் பிடிக்கும். அந்தச் சிறு கட்டிகள் வார்ப்புச் சட்டியில் சீக்கிரம் உருகும். அன்றிலிருந்து அந்தக் கல் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. யாரும் தெரியாமல் எடுத்துவிடாதபடி பிடியை வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். நான்-ஸ்டிக் பணியாரக் கல் வேண்டாம், அந்தப் பூச்சு இந்தச் சூட்டில் சிதைந்து நச்சுப் புகை விடும். வெள்ளீயம் பூசிய கேக் தட்டுகளில் ஈயம் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும்.

புது அச்சில் மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் பிடித்துக் கரி படியவிட்டால் முதல் சில ஊற்றுகள் எளிதாகக் கழலும். எண்ணெய் தடவ வேண்டாம். புகையும், பாளத்தின் அடியில் குமிழ் விழும்.

தரம் பிரிப்பது

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். உருக்குவது அதற்கப்புறம் வெறும் காத்திருப்பு.

மெதுவான ஈயம் வேறு, கடினமான ஈயம் வேறு என்று முதலிலேயே இரண்டு குவியல். வீச்சு வலையின் அடிக்கயிற்றில் வைத்து நசுக்கும் குண்டுக்கு மெதுவான ஈயம் வேண்டும். கடினமானதை நசுக்கினால் விரிசல் விட்டுக் கயிற்றை அறுக்கும். பாறைக்கரையில் எறியும் தூண்டில் குண்டுக்குக் கடினமானதே நல்லது. நகத்தால் கீறினால் தடம் விழுவது மெதுவான வகை. பழைய கேபிளின் ஈய உறை, எக்ஸ்ரே அறைச் சுவர்த் தகடு, பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் இணைப்பில் காய்ச்சி ஊற்றியிருந்த ஈயம், சக்கரத்தில் ஒட்டும் பட்டை வெயிட் ஆகியவை இந்தக் குவியலில் சேரும். சக்கர விளிம்பில் கிளிப்போடு மாட்டும் பேலன்சிங் வெயிட்டில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் இரண்டு முதல் நான்கு சதவீதம் இருக்கும், அது கடினக் குவியலுக்கு.

மூடிய அச்சகங்களிலிருந்து வரும் எழுத்து ஈயம் தனி ரகம். சுத்தியலால் தட்டினால் வளையாமல் உடையும். வரி வரியாக எழுத்தை வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் வார்ப்பில் 12 சதவீதம் ஆன்டிமனியும் 4 சதவீதம் வெள்ளீயமும் இருக்கும். அதில் ஒரு கிலோவை மூன்று கிலோ மெது ஈயத்தோடு சேர்த்தால் 3 சதவீத ஆன்டிமனி, 1 சதவீத வெள்ளீயம். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும் நல்ல கலவை. தனித்தனியாகக் கோத்த கை எழுத்துகளில் ஆன்டிமனி இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்பதால் இந்த விகிதம் அவற்றுக்குப் பொருந்தாது. அழகான பழைய தமிழ் எழுத்துகள் முழுதாகக் கிடைத்தால் உருக்காதீர்கள், வாங்க ஆள் இருக்கிறது.

டயர் கடை வெயிட்டுகளில் தொல்லை துத்தநாகம். ஐரோப்பாவில் 2005-லேயே ஈய வெயிட்டுகள் வண்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. இப்போது எங்கே வாங்கினாலும் வாளியில் மூன்று உலோகமும் கலந்தே வரும். இரும்பு வெயிட்டைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், ஆனால் எஃகுக் கிளிப்பில் காந்தம் ஒட்டுவதைப் பார்த்து ஏமாறாமல் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். துத்தநாகத்துக்குக் கட்டிங் பிளேயர்தான் நீதிபதி. ஈயத்தில் வாய் சுலபமாக இறங்கும், துத்தநாகத்தில் கீறலோடு நிற்கும். கல்லில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். சந்தேகமாக இருந்தால் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு: துத்தநாகம் பொங்கும், ஈயம் சும்மா இருக்கும். ஆசிட் பட்டதைக் கழுவிக் காயவைக்காமல் குவியலில் சேர்க்காதீர்கள்.

கடலில் கிடந்த பழைய வலைக்குண்டுகள்தான் வெடிப்புக்கு முதல் காரணம். துளைக்குள் நைலான் நூலும் மணலும் உப்பும் அடைத்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மேலே வறண்டு தெரிவதை நம்ப முடியாது. நன்னீரில் ஒரு நாள் ஊறவைத்து உப்பைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்தி, முடிந்தால் நீளவாக்கில் பிளந்து, வெயிலில் காயவைத்து, கடைசியாகத் தகட்டில் பரப்பி 150 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வாட்ட வேண்டும். நசுங்கி வாய் மூடிய ஈயக் குழாயும் கேபிள் உறையும் இதே ஜாதி. வெட்டித் திறக்காமல் சட்டிக்குள் போகக் கூடாது.

பேட்டரி வேண்டவே வேண்டாம். தட்டில் இருப்பதில் பெரும்பகுதி ஈய சல்ஃபேட்டும் ஆக்சைடும். அவை இந்தச் சூட்டில் உருகாது, தூளாகப் பறக்கும். கால்சியம் சேர்ந்த தட்டும் ஆன்டிமனி, ஆர்செனிக் சேர்ந்த தட்டும் ஒன்றாக உருகினால், அந்தக் கசடு ஈரம் பட்டதும் ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய நச்சு வாயுக்களை விடும். செனகலில் டக்கார் நகரையொட்டிய தியாரோய் என்ற ஊரில் பேட்டரி ஈயம் பிரித்த மண்ணின் தூசியால் 2007-08-இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் பழைய பேட்டரியைக் கடையிலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ திருப்பித் தர வேண்டும் என்பது 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கட்டாயம். விலை குறைத்துக்கொண்டாவது பரிமாற்றத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தடித்த ஈயக் கூடு, உருளை, மூடி போட்ட குடுவை எது காயலான் கடையில் தென்பட்டாலும், என்னவென்று தெரியாவிட்டால் தொட வேண்டாம். கதிர்வீச்சுப் பொருளைக் காப்பதற்கும் இதே ஈயம்தான். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய பொருள் சந்தைக்கு வந்த கோபால்ட்-60 கருவியைப் பிரித்ததில் ஒருவர் உயிரிழந்தார்.

உருக்குவது

உடுப்பு: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், அதன் காலை ஷூவுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். தோல் ஷூ, தோல் ஏப்ரன், வெல்டிங் கையுறை, முழு முகக் கவசம். லுங்கியும் ரப்பர் செருப்பும் இங்கே ஆகாது. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். துணி மாஸ்க் பயன்படாது. துகள் வடிகட்டியுள்ள பி-100 ரக அரை முக மூச்சுக்கவசம் கசடு வழிக்கும் நேரத்திலாவது கட்டாயம்.

முதல் ஈட்டுக்கு, ஆறின சட்டியில் சரக்கைப் போட்டு, மூடியை வைத்து, நடுத்தரத் தீயில் ஆரம்பிக்கலாம். முன்பு ஊற்றி மிச்சம்விட்ட ஈயம் சட்டியின் அடியில் உறைந்து கிடந்தால் எச்சரிக்கை. அடி முதலில் உருகி விரியும், மேலே கட்டி அடைத்திருக்கும், ஓரத்தைப் பிளந்துகொண்டு பீறிடும். ஒவ்வொரு முறையும் சட்டியைக் காலி செய்துவிடுவதே வழி. மிச்சம் இருந்தே தீரும் என்றால் உறையும்போது நடுவில் ஒரு வளைந்த போல்ட்டை நட்டுவைத்து, ஆறியதும் மொத்தமாகத் தூக்கி எடுத்துவிடலாம்.

ஆன்டிமனி கலந்த ஈயம் 252 டிகிரியிலிருந்தே குழையத் தொடங்கும், 330 தாண்டினால் எல்லாம் தளர்ந்துவிடும். 340 முதல் 370 வரையுள்ள இடைவெளிதான் இந்த வேலையின் சூட்சுமம். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். இந்த இடைவெளியில் அது கெட்டியாகவே இருக்கும். ஈயத்தைவிட இலேசானதால் கிளிப்புகளோடு மேலே மிதக்கும். தீயைக் குறைத்து, கலக்காமல், ஜல்லிக்கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட வேண்டும். முழுதாக இருக்கும் ஒரு வெயிட் மிதந்தால் அது துத்தநாகமோ இரும்போதான். அது வெளியே வரும்வரை கலக்கக் கூடாது. அடிப்பக்கம் திரையில் காட்டுவதைவிடச் சூடாக இருக்கும், அங்கே தள்ளினால் துத்தநாகம் கரைந்துவிடும்.

கரைந்துவிட்டால் எப்படித் தெரியும்? மேற்பரப்பு பளபளப்பை விட்டுக் கூழ் மாதிரி திரளும், வழிக்க வழிக்கத் திரும்ப வரும், அச்சில் ஊற்றினால் மூலை நிரம்பாமல் நிற்கும். கந்தகம் போட்டுப் பிரிப்பது என்று ஒரு வழி சொல்வார்கள். அதன் புகை வீட்டில் தாங்காது. அந்த ஈட்டைப் பாளமாக்கி, 'து' என்று குறியிட்டு, காயலான் கடைக்கே விற்றுவிடுவது மேல்.

ஈடு சுத்தமானதும் கசடு நீக்கும் மெழுகு. 10 கிலோவுக்கு மெழுகுவர்த்தித் துண்டு 5 கிராம் அளவு. போட்டதும் புகையும், நீளமான லைட்டரால் நீங்களே பற்றவைத்துவிட்டால் புகை எரிந்துபோகும், திடீரென்று பிடித்துத் திடுக்கிட வைக்காது. காய்ந்த மரத்தூள் ஒரு கைப்பிடி போட்டுக் கருகவிட்டுக் கலக்கினால் இன்னும் நன்றாகச் சுத்தமாகும். கரி, ஆக்சைடிலிருந்து ஈயத்தையும் வெள்ளீயத்தையும் மீட்டு உலோகமாக்கிவிடும், மண்ணும் துருவும் மட்டும் மேலே நிற்கும். சூடேற்றிக் காயவைத்த கம்பியால் அடியையும் சுவரையும் சுரண்டிக் கலக்க வேண்டும். மேலே நிற்பது ஈயத்துளி மினுங்கும் கட்டியாக இருந்தால் இன்னும் ஒருமுறை மெழுகு. உலர்ந்த கரும்பொடியாக மாறியதும் வழிக்கலாம். மெழுகு போடாமலே சாம்பல்நிற ஏட்டை அள்ளி எறிவது பழக்கத்தில் இருக்கிறது. விலையுயர்ந்த வெள்ளீயம் முதலில் அதில்தான் போகும்.

கிளிப் வெயிட்டில் 15 முதல் 20 சதவீதம் கிளிப்பும் அழுக்குமாகக் கழியும். 10 கிலோவுக்கு எட்டு, எட்டரைக் கிலோ பாளம் வந்தால் சரியான கணக்கு. ஏழுக்குக் கீழே இறங்கினால் மெழுகுக் கலக்கல் போதவில்லை, கசட்டோடு உலோகம் போகிறது.

ஊற்றுவது

360 முதல் 380 டிகிரி. மெது ஈயத்தின் மேற்பரப்பில் மஞ்சள், நீலம், ஊதா என்று நிறம் ஓடத் தொடங்கினால் சூடு அதிகம், தீயைக் குறைக்க வேண்டும். அதிகச் சூட்டில் கசடு வேகமாகச் சேரும், பாளம் உறையவும் தாமதமாகும்.

கரண்டியையும் அச்சையும் முதலிலிருந்தே சட்டிக்கு அருகே, தகட்டின் மேல் சூடேறவிட்டிருக்க வேண்டும். குளிர்ந்த கரண்டியை நேராக ஈயத்தில் முக்குவதுதான் கடைசி நேரத்தில் செய்யும் வழக்கமான பிழை. அதன் குழியில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அப்படியே அடியில் போய் வெடிக்கும். முதலில் கரண்டியின் பின்புறத்தை மேற்பரப்பின் மேல் அரை நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு முக்குங்கள். அச்சு 120 டிகிரிக்கு மேல் இருந்தால் ஈரக்கவலை இல்லை.

அச்சுக்கு மிக அருகில், ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். கரண்டி அச்சைவிடச் சிறிது என்பதால், முதல் ஊற்று உறைவதற்குள் இரண்டாவதைத் தொடராவிட்டால் பாளத்தில் அடுக்கு விழும், பின்னால் அங்கேயே உடையும். முதல் சுற்றுப் பாளங்களில் தோல் சுருங்கியிருந்தால் அச்சு குளிர்ந்திருந்தது என்று அர்த்தம். உருவத்துக்காகத் திரும்ப உருக்க வேண்டியதில்லை, பாளம்தானே. உறையும்போது ஈயம் மூன்றரை சதவீதம் சுருங்கும், மேற்பரப்பில் பள்ளம் விழுவது இயல்பு. பளபளப்பு மங்கி நிறம் மாறிய பிறகும் ஒரு நிமிடம் பொறுத்து, அச்சைக் கவிழ்த்து மணலில் தட்டினால் விழும். தண்ணீரில் போட்டு ஆறவைக்க வேண்டாம். ஒரு பாளத்தின் பள்ளத்தில் நின்ற நீர் அடுத்த ஈட்டுக்குள் போகும்.

உருகிய ஈயம் தோலில் பட்டால் மேடையைவிட்டு விலகி ஓடும் நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். ஒட்டிய ஈயத்தைப் பிய்க்கக் கூடாது. அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறியதும் எழுத்து பதிக்கும் இரும்புப் பஞ்ச் வைத்து அடித்துக் குறி: மெது ஈயத்துக்கு 'மெ', கடினத்துக்கு 'க', எழுத்து ஈயம் கலந்ததற்கு 'எ'. தமிழ்ப் பஞ்ச் கிடைக்காவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டு மாதம் கழித்து எல்லாப் பாளமும் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். அலமாரியில் அடுக்கும்போது 50 கிலோ ஈயம் நாலரை லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும் என்பதை மறந்து ஒரே மூலையில் குவித்தால் பிளைவுட் பலகை தொய்ந்துபோகும்.

கசடு, துணி, ரத்தப் பரிசோதனை

கரும்பொடிக் கசடுதான் இந்த மேடையில் உள்ளவற்றில் மோசமான பொருள். அதைச் சூட்டோடு, காய்ந்த, மூடி இறுகும் இரும்புத் தகர டப்பாவில் மெதுவாகச் சரியவிட வேண்டும், உயரத்திலிருந்து கொட்டக் கூடாது. உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடு தங்கும். டப்பாவில் 'ஈயக் கசடு, நச்சு' என்று எழுதி, நனையாமல் சேர்த்துவைத்து, ஈயம் கையாளப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்கோ தோட்டத்துக்கோ போகக் கூடாது. தட்டில் உள்ள மணலைச் சலித்து ஈயத்துளியைப் பொறுக்கிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். கறுத்துப்போனதும் அதுவும் கசட்டோடுதான் சேரும்.

எல்லாம் ஆறின பிறகு தகட்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும். வேலை உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் தனி வாளியில் துவைக்க வேண்டும். கை, முகம் கழுவாமல் டீ, பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. கையுறை போட்டிருந்ததாலேயே கை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வாயில் போன ஈயத்தைக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கிரகிக்கும், கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும் போகும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உருக்கும்போது மட்டுமல்ல, துடைத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் வரக் கூடாது.

அடிக்கடி உருக்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்பிக்கும் முன்பே ஒரு தடவை பார்த்துவைத்தால் பின்னால் ஒப்பிட முடியும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை. எண் ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புகையை அல்ல, கசடு வழித்த விதத்தையும் கை கழுவிய விதத்தையும்தான்.

சட்டியை ஒவ்வொரு சில ஈட்டுக்கும் ஒருமுறை காலியாகக் கவிழ்த்து அடித்தகட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் தீயில் செதில் செதிலாக உரிந்துகொண்டே வரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்து, எண்ணெய் போகச் சுட்டுவிட்டு அடுத்த ஈட்டைப் போடலாம். தகடு 4 மி.மீ.-க்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினாலோ புதுச் சட்டிக்குக் குழாய் வெட்ட வேண்டியதுதான். பழைய அடியின் மேல் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்தால் இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் தங்கும்.